720720 கொடுத்தால் உடனே வகுக்காதீர்கள்

போட்டித் தேர்வுக்குப் படித்தபோது எண்ணியலில் எனக்கு அதிகம் கைகொடுத்தது 720720 என்ற ஒரே எண்தான். பெரிய எண்ணைக் கொடுத்துக் கேட்கும் பலவகைக் கேள்விகளை இதை வைத்தே பழகிவிடலாம்.

பெரிய எண்ணைக் கண்டதும் கை தானாக 2-ஆல் வகுக்கப் போகும். அதற்கு முன் எண்ணை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். 720, மறுபடியும் 720. அப்படியானால் இது 720 × 1001. 1001 = 7 × 11 × 13 என்பதை மனப்பாடமே செய்துவிடலாம், தப்பில்லை. 720 = 2⁴ × 3² × 5. பகாக் காரணிகள் எல்லாம் வந்துவிட்டன.

இனி அந்த எண்ணே வேண்டாம், அடுக்குகள் போதும். ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240 வகுத்திகள். ஏன் 1 கூட்டுகிறோம்? 2-ஐ நான்கு முறை வரை எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம். ஆக ஐந்து வழி. இது புரியாமல் சூத்திரத்தை மட்டும் உருப்போட்டால், கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டாலே தடுமாறுவோம். ஒற்றைப்படை வகுத்திகள் எத்தனை? 2-ஐத் தொடக்கூடாது, அவ்வளவுதான்: 48. முழு வர்க்கமான வகுத்திகள்? 2-க்கு 0, 2, 4 என்ற அடுக்குகள், 3-க்கு 0, 2. மற்றவை ஒரே ஒரு முறைதான் வருவதால் சேராது. மொத்தம் ஆறு: 1, 4, 9, 16, 36, 144. எந்த மிகச்சிறிய எண்ணால் பெருக்கினால் 720720 முழு வர்க்கமாகும்? ஜோடி இல்லாதவை 5, 7, 11, 13. அவற்றின் பெருக்கல் 5005. கிடைப்பது 60060-இன் வர்க்கம்.

1 முதல் 16 வரை உள்ள எண்களின் மீ.சி.ம.வும் (மீச்சிறு பொது மடங்கு) 720720தான். 17-ஆல் வகுத்தால் மீதி 5, அதனால் 17 இதில் சேராது.

சில எண்களில் 1001 ஒளிந்திருக்கும். 34871837-ஐ வலமிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 34, 871, 837. (இலட்சம், கோடிக் காற்புள்ளியை இங்கே மறந்துவிட வேண்டும்.) 837 − 871 + 34 = 0. எனவே 1001-ஆல் மீதியின்றி வகுபடும். 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு என்பதால்தான் குறிகள் மாறி மாறி வருகின்றன. வகுத்தால் 34837, அது 11 × 3167.

சரி, 3167 பகா எண்ணா? 57-இன் வர்க்கம் 3249, அதைத் தாண்டிவிடுகிறது. ஆகவே 53 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதனாலும் வகுபடவில்லை, பகா எண்தான். இந்த வேலையில் சலிப்பு வரும், ஆனால் பார்வைக்குப் பகா எண் போலத் தெரிகிறது என்று விட முடியாது. 4294967297 பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். அது 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் இன்னொரு கணித அறிஞரான ஆய்லர் காட்டினார். தேர்வில் நேரம் குறைவாக இருந்தால் இப்படிப்பட்ட சோதனையைக் கடைசிக்குத் தள்ளி வைத்துவிட்டு, அடுக்குக் கணக்குகளை முதலில் முடித்துவிடுங்கள்.