மோட்டார் ஓடினால்தான் காசு

மார்ச் 3
அண்ணன் செய்த மோட்டார் கண்காணிப்புக் கருவியை விற்பதா, வாடகைக்கு விடுவதா? இன்றைக்கும் முடிவாகவில்லை.

மார்ச் 4
அண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். "நல்ல பொருள். விலை போட்டு வித்துட்டு அடுத்ததச் செய்வோம்." கருவி அவர் கையால் ஆனது, அந்தப் பெருமை அவருக்கு இருக்கத்தான் செய்யும். மோட்டாரின் உடம்பில் ஒட்டிவைத்தால் அதிர்வை வைத்தே பேரிங் தேய ஆரம்பித்ததைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஆனால் பட்டறைக்காரருக்கு வேண்டியது மோட்டார் நிற்காமல் ஓடுவது. பெட்டியை விற்றால் பில் போட்டதோடு நம் அக்கறை தீர்ந்துவிடும். அந்த இடம்தான் எனக்கு ஒப்பவில்லை.

மார்ச் 6
ஒரு தொழில் எப்படி நடக்கும் என்று ஒரே பார்வையில் எழுதிப் பார்க்கும் ஒன்பது கட்டத் தாளை (பிசினஸ் மாடல் கேன்வாஸ்) சுவரில் ஒட்டி நிரப்பிக்கொண்டிருந்தேன். அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர் 2004இல் லோசான் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வளர்ந்த முறை. யாருக்கு, என்ன பயன், எந்த வழியாக, யாருடைய துணையோடு... மதியத்துக்குள் எட்டுக் கட்டம் நிரம்பிவிட்டது. வருமானக் கட்டம் மட்டும் காலி.

இந்தத் தாளில் எனக்கு ஒரு குறை உண்டு. காசு எங்கிருந்து வரும், எங்கே போகும் என்று கேட்கிறது. எப்போது போகும், எப்போது வரும் என்று கேட்கவில்லை. புதுத் தொழில் மூச்சுத் திணறுவது அந்த 'எப்போது'வில்தான்.

மார்ச் 9
இரவெல்லாம் பழைய கதைகளைப் படித்தேன். ஜெராக்ஸ் 914, 1959இல் வந்த நகல் இயந்திரம். அதை விலைக்கு வாங்க அலுவலகங்கள் தயங்கும் என்பதால் மாதம் 95 டாலர் வாடகை வைத்தார்கள். முதல் 2,000 நகல்கள் அதற்குள் அடக்கம், அதற்குமேல் நகலுக்கு இவ்வளவு என்று கணக்கு. 1962இல் பிரிஸ்டல் சிட்லி (பிறகு ரோல்ஸ் ராய்ஸோடு சேர்ந்த நிறுவனம்) தன் வைப்பர் விமான என்ஜினுக்கு, பறந்த மணி நேரத்துக்கு இவ்வளவு என்று வாங்க ஆரம்பித்தது. என்ஜின் பழுதாகி நின்றால் செய்தவருக்கும் நஷ்டம். நான் தேடுவது இதைத்தான். பட்டறைக்காரருக்கு நஷ்டம் வரும் நாளில் எனக்கும் வரவேண்டும். அப்போதுதான் அவர் என்னை நம்புவார்.

மார்ச் 10
வாடகைக்கு எடுப்பீர்களா என்று ஒரு பட்டறைக்கு எழுதியிருந்தேன். பதில் வரவில்லை.

மார்ச் 13
பதில் வராத இடத்துக்கு நேரிலேயே போய்விட்டேன். பராமரிப்பு மேலாளர் நல்ல மனிதர், உட்காரவைத்துப் பேசினார். "மாசக் கணக்கு வேணாங்க. மிஷின் ஓடுன நேரத்துக்குக் குடுக்கறோம். ஆர்டர் இல்லாத மாசம் நாங்க எங்க போறது?" நியாயம்தான். ஆனால் அவருக்கு ஆர்டர் இல்லாத மாதத்திலும் நமக்கு ஊழியர் சம்பளம் உண்டு. ஜெராக்ஸின் 95 டாலர் எதற்கென்று இப்போது புரிகிறது: குறைந்தபட்சம் ஒரு தொகை, அதற்குமேல் ஓடிய மணிக்கு இவ்வளவு.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். கருவியை வாங்குவதென்றால் முதலீட்டுக் கணக்கு, மேலிடத்தில் ஒப்புதல் வாங்கவேண்டும். மாதக் கட்டணமென்றால் பராமரிப்புச் செலவில் சேர்த்து அவரே கையெழுத்துப் போடலாம். இது தெரிந்ததும் அண்ணன் வாடகைக்குப் பாதி இறங்கி வந்துவிட்டார்.

மார்ச் 16
கணக்கு. ஒரு கருவியைச் செய்து மாட்ட ஆகும் செலவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் சராசரியாக 8 வரும். பராமரிப்புக்கு 2 போனால் மிச்சம் 6. 100ஐ எடுக்க 17 மாதம். வாடிக்கையாளர்களில் மாதம் 5 சதவீதம் பேர் விலகினால் ஒருவர் சராசரியாக 20 மாதம் இருப்பார். தப்பித்தோம். 6 சதவீதமானால்? 16.7 மாதம். போட்ட காசு மட்டும் திரும்பும், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒரே ஒரு சதவீதம்.

5 சதவீதம் பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. 12 மாதம் ஓடவிட்டுப் பார்த்தால் 100 பேரில் 54 பேர்தான் மிச்சம்.

மார்ச் 17
ஆறு சதவீதம், ஆறு சதவீதம். தூக்கம் வரவில்லை.

மார்ச் 20
சோதனை மோட்டாரிலிருந்து ஒரு கருவியைக் கழற்றினோம். எபாக்சி போட்டு ஒட்டியது. அண்ணன் உளி வைத்து மெல்லத் தட்டினார், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டியதும் அடித்தட்டோடு பிளந்துகொண்டு வந்தது. அதாவது, விலகிப் போகிற ஒவ்வொருவரிடமும் 100ஐயும் விட்டுவிட்டு வரவேண்டும்.

காந்தம் வைக்கலாமே என்றேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பேரிங்கின் ஆரம்பத் தேய்மானம் உயர் அதிர்வெண்ணில்தான் தெரியும், காந்தப் பிடிப்பில் அது மழுங்கிவிடும் என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். நடுவில் மரை போட்ட சின்ன இரும்பு வில்லை. அதை மட்டும் மோட்டாரில் ஒட்டிவிட்டு, கருவியைத் திருகி மாட்டுவது. வாடிக்கையாளர் விலகினால் வில்லை அங்கேயே இருக்கும், கருவி நம் கைக்கு வந்துவிடும்.

மார்ச் 21
வில்லையும் மாட்டுகூலியும் சேர்த்து 10தான்! மீதி 90 அடுத்தவரிடம் உழைக்கும். எடுத்து மாட்ட அடுத்த ஆள் தயாராக இருக்கவேண்டும், அலமாரியில் தூங்கினால் பயனில்லை. இருந்தாலும் 6 சதவீதம் இனி கழுத்தை நெரிக்காது. காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு நல்ல நாள்.

மார்ச் 24
அந்த 'எப்போது' மறுபடி வந்துவிட்டது.

மாதம் 10 கருவி மாட்டுகிறோம், யாரும் விலகவில்லை, எல்லாரும் மாதம் தவறாமல் கொடுக்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டேன். மாதாமாதம் 1,000 வெளியே போகும். முதல் மாதம் 60 உள்ளே வரும், அடுத்த மாதம் 120. வரவு செலவைத் தாண்டுவது 17ஆம் மாதம். அதற்குள் கையிலிருந்து போட்டு நிரப்பவேண்டிய பள்ளம் 7,840. கிட்டத்தட்ட 78 கருவிகளின் செலவு. அவ்வளவு முதல் நம்மிடம் இல்லை. வியாபாரம் நன்றாக நடந்தால்தான் இந்தப் பள்ளம், அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

மூன்று மாதக் கட்டணத்தை டெபாசிட்டாக வாங்கினால்? கருவிக்கு 24 முதலிலேயே வந்துவிடும். பள்ளம் 4,440ஆகக் குறைகிறது. டெபாசிட் என்றைக்காவது திருப்பித் தரவேண்டிய கடன்தான். ஆனால் வட்டியில்லாத கடன், நம்மை நம்புகிறவர் தருவது. கேட்டுவிடவேண்டியதுதான். மாலையிலேயே அந்த மேலாளருக்கு எழுதி அனுப்பினேன்.

மார்ச் 25
பதில் இல்லை.

மார்ச் 26
இல்லை. அண்ணன் வில்லைக்கு மரை போட்டுக்கொண்டிருக்கிறார். இதுவரை பணத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 29
வந்துவிட்டது. டெபாசிட்டுக்குச் சரி என்கிறார்கள். குறைந்தபட்சத் தொகைக்கும் சரி. கடைசியில் ஒரு வரி: நீங்கள் எச்சரிக்காமலே பேரிங் போய் மோட்டார் நின்றால் அந்த நஷ்டம் யாருடையது?

நான் தேடிய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். முழு நஷ்டத்தையும் ஏற்றால் ஒரே ஒரு மோட்டார் போதும் நம்மைக் கவிழ்க்க. ஏற்கமாட்டோம் என்றால் பெட்டி விற்கிறவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அந்த மோட்டாருக்கு மூன்று மாதக் கட்டணம் வேண்டாம் என்று சொல்லலாமா? மூன்றா, ஆறா? அதற்கு, கருவி எத்தனைக்கு எத்தனை தவறவிடும் என்று தெரியவேண்டும். அண்ணனைக் கேட்டேன். சோதனைப் பதிவுகளை முதலிலிருந்து எடுத்துப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரை பொறு என்றார்.

மார்ச் 30
பதிவுகளில் பாதி முடிந்தது.