பிரெய்ரி முன்னோரைத் தேடுகிறீர்களா? பெயரை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்

கனடாவின் மேற்குச் சமவெளியான பிரெய்ரியில் குடியேறிய உக்ரேனியர் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். அப்போது அவர்கள் ஊர் ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா பகுதியில் இருந்ததால், பிறந்த நாடும் 'ஆஸ்திரியா', 'கலீசியா' என்றுதான் இருக்கும். அதனால் நில எண்தான் நம்பகமான பிடி.

உதாரணம்: வடமேற்கு 22-36-5, மேற்கு 3. அதாவது மூன்றாவது மெரிடியனுக்கு (வடக்கு-தெற்காக ஓடும் அளவைக் கோடு) மேற்கே, 5ஆம் ரேஞ்ச் (மேற்கு நோக்கி எண்ணும் வரிசை), 36ஆம் டவுன்ஷிப் (பக்கத்துக்கு 6 மைல் சதுரம்), 22ஆம் செக்ஷனின் (1 சதுர மைல்) வடமேற்குக் கால்பகுதி, 160 ஏக்கர். சஸ்காட்செவன் மாகாணத்தின் சாஸ்கடூன் பக்கம். மெரிடியனை விட்டுவிட்டால் தேடல் அடுத்த மாகாணத்துக்கே போய்விடும். டவுன்ஷிப்பின் 36 செக்ஷன்களும் தென்கிழக்கு மூலையில் தொடங்கிப் பாம்பு போல வளைந்து ஏறும். இடது மேல் மூலையிலிருந்து எண்ணுகிறவர்களுக்கு வேறு யாரோ ஒருவருடைய கோப்புதான் கிடைக்கும்!

1872 சட்டப்படி ஹோம்ஸ்டெட்டுக்கு, அதாவது குடியேறி உழுபவருக்கு அரசு கொடுத்த நிலத்துக்கு, பதிவுக் கட்டணம் 10 டாலர். மூன்று வருடம் கழித்துப் பட்டா கேட்கும்போது கொடுத்த வாக்குமூலம்தான் புதையல்: எந்த வருடம் எத்தனை ஏக்கர் உழுதார், வீட்டின் அளவும் மதிப்பும், மாடு குதிரை எத்தனை, குடும்பத்தில் எத்தனை பேர். கூடவே அக்கம்பக்கத்தாரின் சாட்சியம். சாட்சி சொன்னவர் பல நேரம் சம்பந்தியாகவே இருப்பார், அந்தப் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலத்தைப் பாதியில் விட்டுப் போனவர்களின் தாள்களும் அதே கோப்பில் கிடக்கும். முழுக்கப் புரட்டுங்கள்.

ஒற்றைப்படை செக்ஷன் என்றால் பெரும்பாலும் ரயில்வேக்கு ஒதுக்கிய நிலம். விலைக்கு வாங்கியிருந்தால் ஹோம்ஸ்டெட் கோப்பே இருக்காது. ரயில்வேயின் விற்பனைப் பதிவேட்டைப் பாருங்கள். 11, 29 இரண்டும் பள்ளி நிலம். ஆட்களைச் சரிபார்க்க 1906, 1916, 1926 பிரெய்ரி கணக்கெடுப்புகள் போதும்.