டெட்ராய்ட்டில் ஒரு பழைய பட்டறையை வாங்கிய கதை

விலையைக் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் ஒன்பதாயிரம் சதுர அடிக்குச் செங்கல் கட்டடம், ஒட்டினாற்போல ஒரு காலி மனை, எல்லாம் சேர்த்தே ஒரு நல்ல கார் விலைதான். "கூரை ஒழுகுது, அதான்" என்றான் கூட்டாளி. கூரை பெரிய விஷயமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

1950-இல் 18 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் இது. 2020 கணக்கெடுப்பில் 6.39 லட்சம். கார் கம்பெனிகளுக்கு டையும் (உலோகத்தை வடிவமைக்கும் அச்சு) ஜிக்கும் (பாகத்தைப் பிடித்துவைக்கும் தாங்கி) செய்து கொடுத்த சிறு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிப்போயின. நாங்கள் வாங்கியதும் அப்படி ஒன்று. நாங்கள் அங்கே செய்யப்போவதும் அதே தொழில்தான்.

கடன் கேட்டு வங்கிக்குப் போனோம். மண் ஆய்வின் முதல் கட்ட அறிக்கை இல்லாமல் ஒரு டாலர்கூடத் தர முடியாது என்றார்கள். காரணம் சட்டம். 1980-இல் வந்த அமெரிக்க மத்தியச் சட்டப்படி, மண்ணை யார் கெடுத்திருந்தாலும் இன்றைய உரிமையாளர் தலையில் துப்புரவுச் செலவு விழலாம். அதற்குப் பயந்தே பழைய தொழிற்சாலை மனைகளை யாரும் சீந்தாமல், புறநகர் வயல்வெளிக்கு ஓடினார்கள். மிச்சிகன் மாநிலம் 1995-இல் தன் சட்டத்தை மாற்றியது. நீங்கள் கெடுக்கவில்லை என்றால் பொறுப்பு உங்களுடையதல்ல. ஆனால் வாங்கும்போதே அங்கே என்ன அழுக்கு இருந்தது என்பதை நீங்கள்தான் பதிவு செய்ய வேண்டும். வாங்கிய 45 நாளுக்குள் அந்த அடிப்படை ஆய்வை முடித்து, 6 மாதத்துக்குள் மாநிலச் சூழல் துறையிடம் கொடுத்துவிட வேண்டும். கெடு தவறினால் அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போய்விடலாம்.

முதல் கட்டத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட எடுக்க மாட்டார்கள். பழைய ஆவணங்களைப் புரட்டுவது, இடத்தைச் சுற்றிப் பார்ப்பது, ஆட்களை விசாரிப்பது, அவ்வளவுதான். அதில் எனக்குப் பிடித்தது சான்போர்ன் வரைபடங்கள். தீக் காப்பீட்டுக்காக அந்தக் காலத்தில் கட்டடம் கட்டடமாக வரைந்தவை. எங்கள் காலி மனையில் சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. பெட்ரோல் தொட்டி. இன்று அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல்தான்.

இதற்குள் விற்பவர் தரப்பில் பத்திரச் சிக்கல் வந்து மாதக்கணக்கில் இழுத்தது. முதல் கட்ட ஆய்வு 180 நாளுக்கு மேல் பழசானால் செல்லாது என்று யாரும் எங்களிடம் அழுத்திச் சொல்லவில்லை. முக்கியமான பகுதிகளை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று, மறுபடி காசு. இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பத்திரத் தேதியை உறுதி செய்துகொண்டு ஆய்வைத் தொடங்குங்கள்.

இரண்டாம் கட்டம்தான் துளை போடுவது. ஒரு சின்ன இயந்திரம் குழாயைத் தரைக்குள் குத்தி இறக்கும். தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் மண் நீளமாக வரும். மேலே கரியும் உடைந்த செங்கல்லும் கலந்த நிரப்பு மண், கீழே இந்த ஊருக்கே உரிய சாம்பல் நிறக் களிமண். உறையைக் கீறி, ஆவியை மோப்பம் பிடிக்கும் கருவியை ஆய்வுக்கு வந்த பெண் பொறியாளர் அதன்மேல் காட்டிக்கொண்டே போனார். பின்சுவரை ஒட்டிய துளையில் எண் ஏறியது.

ஆய்வகம் சொன்ன பெயர் டிரைகுளோரோஎத்திலீன். உலோக பாகங்களில் ஒட்டிய எண்ணெயைக் கழுவும் திரவம், புற்றுநோய் தருவது. தண்ணீரைவிடக் கனம் என்பதால் கீழே இறங்கிக் களிமண்ணில் தேங்கும், ஆவியாக மேலே கசியும். எனக்கு அது புதிய பெயர் இல்லை. கோவையில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் நானே அதில் பாகங்களை முக்கி எடுத்திருக்கிறேன். சாயங்காலம் வாளியில் மிஞ்சியதைப் பின்பக்கச் சுவரோரம் ஊற்றச் சொல்வார்கள், ஊற்றியிருக்கிறேன். இங்கே ஊற்றியவன் மேல் எப்படிக் கோபப்படுவது?

முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அது கட்டடத்தையே இடிப்பதற்குச் சமம் என்றார் பொறியாளர். காலி மனையில் புல்லுக்கு அடியில் புதைந்திருந்த பெட்ரோல் தொட்டியை மட்டும் அதைச் சுற்றியிருந்த மண்ணோடு எடுத்து, உரிய குப்பைக் கிடங்குக்கு அனுப்பினோம். மற்றதற்கு, அழுக்குக்கும் மனிதனுக்கும் நடுவில் உள்ள வழியை அடைப்பதுதான் முறையாம். காங்கிரீட் தளத்தின் விரிசல்களை அடைத்து, அதில் ஓட்டை போட்டுக் குழாய் இறக்கி, விசிறி வைத்து, தளத்துக்கு அடியில் சேரும் ஆவியை உறிஞ்சிக் கூரைக்கு மேலே விடுவது. தரையிலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவுக்காக இங்கே வீடுகளில் வைப்பார்களே, அதேதான். அப்புறம், இந்த இடத்தில் குடியிருப்பு கூடாது, கிணறு கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை ஏற்றினோம்.

செலவைத் திருப்பித் தரும் திட்டமும் இருக்கிறது. மனையின் மதிப்பு உயர்வதால் கூடும் சொத்து வரியிலிருந்து வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள். அதற்கு ஆலோசகர் அறிக்கை, வாரியம், நகர மன்ற ஒப்புதல் என்று பெரிய நடை. பெரிய கட்டுமானக்காரர்களுக்குச் சரி. எங்கள் அளவுக்கு அந்த நடைக்கான செலவே வருகிற பணத்தைத் தின்றுவிடும் போலிருந்தது, விட்டுவிட்டோம்.

வேலை நடந்த நாளெல்லாம் எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டறையில் அவருடைய அண்ணன் வேலை பார்த்தவராம். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "இப்போ மண்ணு சுத்தமாயிடுச்சா?" என்று கேட்டார். ஆயிற்று என்று சொல்ல வாய் வரவில்லை. கீழே இருப்பது கீழேயேதான் இருக்கிறது, மேலே வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கரண்ட் போனா?" என்றார்.

அதை நான் யோசித்திருக்கவில்லை. பொறியாளரைக் கேட்டபோது, கொஞ்ச நேரம் நின்றால் பாதகமில்லை, நின்றது தெரியாமல் போவதுதான் ஆபத்து என்றார். உறிஞ்சு குழாயில் யு வடிவத்தில் ஒரு சின்னக் குழாய் மாட்டியிருக்கிறது, உள்ளே சிவப்புத் திரவம். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் விசிறி நின்றுவிட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் செல்போன் வெளிச்சத்தில் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் விளக்கைப் போடுகிறேன்.