மணலைக் கொட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்

கடல் மீனும் பவளமும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியோடு வீடு மாறுவது எனக்கு இது இரண்டாவது முறை. முதல் முறை நடந்ததைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

நான்கு வருடத்துக்கு முன்னால், மணலும் அதன்மேல் நாலு விரல் தண்ணீரும் உள்ளேயே இருக்க, தொட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போனோம். மணலில்தானே நல்ல பாக்டீரியா எல்லாம் இருக்கிறது, அதை ஏன் கலைக்க வேண்டும் என்று நினைத்தேன். வண்டி போட்ட ஆட்டத்தில் அது தானாகவே கலைந்துவிட்டது. புது வீட்டில் தண்ணீர் ஊற்றியதும் தொட்டி சாம்பல் நிறத்தில் கலங்கி, அறை முழுக்க அழுகிய முட்டை வாடை. மறுநாள் காலை அம்மோனியா சோதனைக் குழாய் நல்ல பச்சை, அதாவது மீனைக் கொல்லும் அம்மோனியா ஏறிவிட்டது. இரண்டு மீன் போய்விட்டன.

பழைய மணலின் அடியில் ஆக்சிஜன் எட்டாத ஒரு அடுக்கு இருக்கும். கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தால் கருப்புத் திட்டுகளாகத் தெரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாவது அங்கேதான். மீன் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் வருடக்கணக்கில் அதில் புதைந்து கிடக்கும். கலைக்காதவரை அது பாட்டுக்குக் கிடக்கும். கலைத்தால் எல்லாம் ஒரே நாளில் மேலே வரும். அதோடு, மணலையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு தூக்கினால் அடிக் கண்ணாடியின் சிலிக்கான் ஒட்டுகள் விட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. அப்போது ஒட்டு விடவில்லை என்றால் அது வெறும் அதிர்ஷ்டம்தான்.

அதனால் இந்த முறை ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்தேன்: மணல் வராது. கல் மட்டும் ஈரம் குறையாமல் வர வேண்டும். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவுக்குக் கல்லின் துளைகளில் ஏராளமாக இடம் இருக்கிறது.

தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம். கல்லும் மணலும் போக 160 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் பாதி பழைய தண்ணீர், பாதி புதுத் தண்ணீர் என்று கணக்குப் போட்டேன். 80 லிட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ கடல் தொட்டி உப்பு. முந்தைய நாளே வடிகட்டிய தண்ணீரில் கலந்து, ஒரு பம்ப்பைப் போட்டு ஓட விட்டுவிட்டேன். மீன்களுக்கு அன்று பட்டினி. வயிறு காலியாக இருந்தால் வாளித் தண்ணீர் அவ்வளவாகக் கெடாது.

காலையில் தம்பி வந்தான். முதல் வேலை பழைய தண்ணீரைக் குழாய் போட்டு நாலு கேனில் பிடிப்பது. உள்ளே கையை விட்டுக் கலக்குவதற்கு முன்பே மேல்தண்ணீரை எடுத்துவிட வேண்டும். நான் கேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, ஹீட்டர் எரியுது!" என்றான். தண்ணீர் மட்டம் ஹீட்டரின் தலைக்குக் கீழே இறங்கியிருந்தது. அப்படியே சூடேறியிருந்தால் கண்ணாடிக் குழாய் வெடித்திருக்கலாம். நல்லவேளை, பிளக்கைப் பிடுங்கினான். இத்தனை வருட அனுபவம் என்று நான் பேசுவதெல்லாம் இவ்வளவுதான்.

அடுத்தது பவளங்கள். டார்ச் பவளத்தை விரிந்த நிலையில் தண்ணீருக்கு வெளியே தூக்கக் கூடாது. சதை தன் எடையிலேயே தொங்கி, கூர்மையான சுண்ணாம்பு எலும்பில் பட்டுக் கிழிந்துவிடும். கையுறை போட்ட விரலால் மெல்லச் சீண்டி, அது சுருங்கும்வரை காத்திருந்து எடுத்தேன். ஜோவான்திட் என்ற, பவளத்துக்கு உறவான உயிர் ஒட்டிய கல்லுக்குக் கையுறையோடு கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டேன். அந்த வகையில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, கண்ணில் தெறித்தால் வம்பு. தம்பி சிரித்தான். சிரிக்கட்டும்.

அனிமோன் என்பது கோமாளி மீன் குடியிருக்கும், பூப்போன்ற கடல் உயிர். அதைக் கல்லிலிருந்து பிய்க்கவே முயலவில்லை. கல்லைப் பிடித்திருக்கும் அடிப்பகுதியான கால் கிழிந்தால் பிழைப்பது கஷ்டம். செத்தால் கூட இருப்பவற்றையும் சேர்த்துக் கெடுக்கும். கல்லோடு அதற்குத் தனி வாளி.

மீன்களைக் கடைசியில்தான் பிடித்தேன். கல் எல்லாம் வெளியே வந்து, தண்ணீர் ஒரு சாண் உயரத்துக்கு வந்தபிறகு, வலையைப் போட்டால் இரண்டே நிமிடம். நிறைந்த தொட்டியில் துரத்தியிருந்தால் மதியம் ஆகியிருக்கும், பாதிப் பவளமும் உடைந்திருக்கும்.

பிஸ்டல் இறாலை மட்டும் காணவில்லை. கோபி மீனும் அதுவும் ஒரே வளையில் குடியிருந்தவை. மணலை ஒரு தட்டால் வாரி வாரிப் பார்த்தேன், இல்லை. சரி, போனது போனதுதான் என்று மணலைக் கொட்டினேன். வண்டியில் போகும்போது பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'டக்'. வாளி விரிசல் விடுகிறது என்று தம்பி வண்டியை ஓரம் கட்டினான். மூடியைத் திறந்து பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மூடியதும் மறுபடியும் 'டக்'. இறால் ஏதோ ஒரு கல்லின் பொந்துக்குள் ஏறிக்கொண்டு இடுக்கியைச் சொடுக்கிக்கொண்டிருந்தது!

புது வீட்டு வேலை சீக்கிரம் முடிந்தது. ஸ்டாண்டை முந்தைய வாரமே மட்டம் பார்த்து வைத்திருந்தேன். கழுவிய புது மணல் இரண்டு விரல் உயரம், அதன்மேல் கல், பிறகு ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீர். வெப்பம் 25 டிகிரி, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 வந்தபிறகுதான் மீன்களை விட்டேன். அன்று இரவு விளக்கே போடவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் மட்டும் பைத்தியம் பிடித்த மாதிரி நுரையைத் தரையெல்லாம் கொட்டியது. மூன்று நாள் அணைத்து வைத்தேன். அம்மோனியா இரண்டாம் நாள் 0.25 காட்டியது. 20 லிட்டர் மாற்றினேன். நாலாம் நாள் பூஜ்யம்.

அனிமோன்தான் தூங்க விடவில்லை. மூன்றாம் இரவு கல்லை விட்டு இறங்கி, நேராக பம்ப்பைப் பார்த்து நகர ஆரம்பித்தது. பம்ப்பில் சிக்கினால் கூழாகிவிடும். பம்ப்பை நிறுத்திவிட்டு, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை மட்டும் ஓட விட்டு, டார்ச் லைட்டோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். விடியும்போது பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இன்றுவரை அங்கேயேதான். கோமாளி மீன்களும் அதோடு பின்னால் போய்விட்டன. முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது கோபி மீனும் கல்லும்தான். மற்றவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் போனை நுழைத்து வீடியோ எடுத்துத்தான் பார்க்கிறேன்.