ஸ்டூல் போட்டாச்சுல்ல

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் சட்டம் வந்த பிறகு எங்கள் ஜவுளிக்கடையிலும் கவுண்டருக்கு ஒரு ஸ்டூல் வந்தது. வந்த வாரத்திலேயே அதன் மேல் சேலைப் பெட்டிகள் ஏறிவிட்டன. அந்தப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, ஆள் வராத மத்தியான நேரத்தில் உட்காருங்கள் என்று செக்‌ஷன் ஆட்களிடம் சொன்னது நான்தான். சூப்பர்வைசர் சொன்னால் கேட்பார்கள் என்ற தைரியம்.

சின்னப் பிள்ளைகள் கூச்சப்பட்டு, ஸ்டூல் விளிம்பில் ஒட்டியும் ஒட்டாமலும் இரண்டு நிமிடம் இருந்துவிட்டு எழுந்துவிடுவார்கள். பட்டு செக்‌ஷன் அக்காதான் நிஜமாக உட்கார்ந்தார். அவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்திருக்கும். யூனிஃபார்ம் சேலையைச் சற்றுத் தூக்கி, எலாஸ்டிக் பேண்டேஜை இறக்கிவிட்டு, ஒரு காலை எதிரே இருக்கும் அட்டைப்பெட்டி மேல் நீட்டிக்கொள்வார். அப்போதும் கை சும்மா இருக்காது, யாரோ விரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலையின் முந்தியை மடித்துக்கொண்டிருக்கும்.

மேனேஜர் அண்ணாச்சி கேமராவில் பார்த்துவிட்டு இன்டர்காமில் கூப்பிட்டார். “அங்க என்ன, கல்யாண வீடா?” மேலே போனேன். நான்தான் உட்காரச் சொன்னேன், சட்டமே இருக்கு அண்ணாச்சி என்றேன். அவர் கோபப்படவில்லை. “ஸ்டூல் போட்டாச்சுல்ல? போடணும்னுதானே சட்டம்? உக்கார வைக்கணும்னு இருக்கா?” என்றார்.

அவர் சொன்னது பாதி சரி. அதுதான் எனக்கு எரிச்சல். 1947ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 22-ஏ பிரிவு, எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளத்தான், நாள் முழுக்கக் காலிலேயே நிற்காமல் இருக்கத்தான் அது என்று காரணமும் சொல்கிறது. வாய்ப்பு வந்துவிட்டதா இல்லையா என்று யார் முடிவு செய்வது? அதைச் சட்டம் சொல்லவில்லை, கேமராவுக்கு முன்னால் இருக்கிறவர் சொல்கிறார்.

ஆலையில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. கடையில் நிற்கிறவர்களுக்கு எழுபது வருடத்துக்கு மேல் பிடித்தது. அதுவும் கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று ஒன்றாகச் சேர்ந்து போராடி, கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் இங்கே வந்தது. அங்கே கேட்டவர்கள் நின்றவர்களே. எங்கள் கடையில் கேட்டவன் நான். எனக்கு நாள் முழுக்க நிற்கிற வேலை இல்லை, மாடிக்கு மாடி நடக்கிற வேலை. கால் வலித்தால் ஸ்டாக் பார்க்கிற சாக்கில் குடோனில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அடுத்த மாதம் அக்காவை வாசலுக்கு மாற்றினார்கள். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி, எந்த மாடி என்று கை காட்டுகிற வேலை. சம்பளம் அதே சம்பளம். பட்டு விற்றால் கிடைக்கிற இன்சென்டிவ் போய்விட்டது. அங்கே கவுண்டர் கிடையாது, அதனால் ஸ்டூலும் கிடையாது. ஆளை இடம் மாற்றுவது கடையில் வழக்கம்தான். இதையும் அதையும் முடிச்சுப் போட என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அண்ணாச்சி என்னிடம் முன்பைவிடச் சிரித்துத்தான் பேசினார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அக்காவிடம் போய், உங்களுக்காக மேலே பேசினேன்க்கா, இப்படி ஆகும்னு நினைக்கல என்றேன். டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே, “பேசினதுல உங்களுக்கு மனசு ஆறுச்சுல்ல தம்பி? விடுங்க” என்றார்.

குத்தலா, இல்லை நிஜமாகவே எனக்குத்தான் ஆறுதல் சொன்னாரா? அவர் குரலில் குத்தல் இல்லை. இல்லாததுதான் சங்கடமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவை நினைத்துப் பார்க்கும்போதும் அந்த வாக்கியத்தில் வேறு ஒரு சொல் கனமாகிவிடுகிறது. நரம்பு புடைத்த காலோடு நிற்கிறவரை உட்காரச் சொல்வதற்கு அவரிடமே மனுப் போட வேண்டுமா? கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். கேட்டுக் கேட்டு இருந்தால் எதுவும் நடக்காது. இன்னொரு பக்கம், கேட்டிருந்தால் பட்டு செக்‌ஷனிலேயே இருந்திருப்பார், தீபாவளிக்குக் கையில் நாலு காசு கூட இருந்திருக்கும். இரண்டுமே சரியாகத்தான் தெரிகிறது.

யார் உட்காரலாம் என்பது நம் ஊரில் கால்வலி விஷயமாக என்றைக்கு இருந்தது? 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், பட்டியலினத்தைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் எல்லோர் போனுக்கும் வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். தேர்தலில் ஜெயித்த தலைவருக்கே அந்தக் கதி என்றால், எங்கள் கடை ஸ்டூல் எந்த மூலைக்கு? பழைய பட்டுக்கடைகளில் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கவுண்டர் வந்தது, வாங்குகிறவருக்கு இருக்கை கிடைத்தது, விற்கிறவர் எழுந்து நின்றுவிட்டார். அப்போது யாரும் அதற்குச் சட்டம் கேட்டதாகத் தெரியவில்லை.

பழியை எல்லாம் அண்ணாச்சி தலையில் போடவும் முடியவில்லை. பெட்டிகளை இறக்கிவைத்த அந்த நாட்களில்தான் ஒரு அம்மா, பார்க்க நல்ல மனுஷி, என்னைக் கூப்பிட்டு, “நாங்க வந்து நிக்கிறோம், உங்க ஆளுங்க எந்திரிக்கக்கூட மாட்டேங்கிறாங்க” என்றார். அவர் வந்து நின்று அரை நிமிடம் ஆகியிருக்காது. நான் ஸாரி சொன்னேன். வேறு என்ன சொல்ல?

மேலே மாடிகளில் இப்போதும் பெட்டியை இறக்கி வைக்கிறேன். மத்தியானம் நானே முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன், அப்புறம் மற்றவர்கள் உட்காருகிறார்கள். கேமராவில் முதலில் தெரிவது என் தலை. அண்ணாச்சி இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

வாசலுக்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். இந்தத் தடவை அக்காவிடம் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று இருக்கிறேன். கேட்டால் வேண்டாம் தம்பி என்பார். அப்போது பேசாமல் விட்டுவிடுவேனா என்றுதான் தெரியவில்லை.