அண்ணாவுக்குச் சான்றிதழ் எடுத்த கதை

அண்ணா போர் முடிந்த 2009 மே மாதம், முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர். பிறகு ஒரு தகவலும் இல்லை. காணி அவர் பெயரில், வங்கிச் சேமிப்பும் அவர் பெயரில். அண்ணிக்கு ஏதாவது ஒரு பத்திரம் தேவைப்பட்டது.

எல்லோரும் முதலில் காட்டிய வழி மரணப் பதிவு. காணாமற்போய் ஓராண்டு கடந்தவரை இறந்தவராகப் பதிய 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இடம் தருகிறது. அம்மா அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. "உயிரோட ஒப்படைச்ச பிள்ளைக்கு நானே செத்தவீடு செய்யிறதோ?"

2016 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, காணாமற்போனமைக்கான சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். ஆளை இறந்தவராக்காமலே அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம், உதவித் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தேடுதலும் நிற்காது. இதை விளங்கப்படுத்திய பிறகுதான் அம்மா சரி என்றார்.

ஆவணங்கள் சேர்ப்பதில் எங்களுக்கு அதிகம் கஷ்டம் இருக்கவில்லை. பொலிஸ் முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு, செஞ்சிலுவைக் குழுவில் பதிந்த துண்டு, காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவின் கடிதம், எல்லாம் அம்மாவின் ஒரே பையில் இருந்தன. விதானையாரின் (கிராம அலுவலரின்) கடிதமும் சத்தியக்கடதாசியும் (உறுதிமொழிப் பத்திரமும்)தான் புதிதாக எடுத்தவை. இழுத்தடித்தது பெயர்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து. இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக்கடதாசியிலேயே எழுதிவிடுங்கள்.

அப்புறம் அரசு அமைத்த, காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் விசாரணை. எங்கே கடைசியாகக் கண்டீர்கள், என்ன உடுப்பு, கூட யார் போனது? அம்மா இதே கதையை 2010 இல் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கும் சொன்னவர், 2013 இல் அமைத்த பரணகம ஆணைக்குழுவுக்கும் சொன்னவர். அழாமல், வரிசை பிசகாமல் சொன்னார். முடிவில் அவர் கேட்டது ஒன்றுதான்: "கொண்டு போனவையைக் கூப்பிட்டும் இப்பிடிக் கேப்பியளோ?"

அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டப்படி, இந்த அலுவலகத்தின் கண்டறிதல்களால் யார் மீதும் குற்றவியல் பொறுப்போ குடியியல் பொறுப்போ எழாது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் போராடத் தொடங்கிய, காணாமற்போனோரின் தாய்மார் இந்த அலுவலகமே வேண்டாம் என்பது இதனால்தான். அவர்கள் சொல்வது நியாயம் என்றே நினைக்கிறேன். அம்மாவும் அங்கே போய் இருப்பவர்தான். ஆனால் நீதி வரும்வரை அண்ணியின் காணி அலுவலைத் தள்ளிப்போட முடியாதே. சான்றிதழ் எடுத்தால் நீதி கேட்கும் கோரிக்கையைக் கைவிட்டதாகிவிடும் என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2022 மார்ச்சில் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு அமைச்சரவை அறிவித்த ஒரு இலட்சம் ரூபாய் வேறு விஷயம். அதை வாங்குவதா என்று வீட்டில் இன்னும் சண்டை.

அலுவலகத்தின் அறிக்கை வந்ததும் பதிவாளரிடம் விண்ணப்பித்தோம். மாதங்கள் இழுபட்டுச் சான்றிதழ் கிடைத்தது. அதைக் கொண்டுபோன வங்கியில், "மரணச் சான்றிதழ் இல்லையா?" என்று கேட்டார்கள். இப்படி ஒரு பத்திரம் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த சட்டத்தரணி ஒருவர் திருத்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியைத் தந்தார். உரிய பிரிவில் அடிக்கோடிட்டு அதையும் நீட்டிய பிறகே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்கள். நீங்கள் போகும்போது அந்தப் பிரதியை முதல் நாளே கொண்டுபோங்கள், மூன்று மொழியிலும்.