இதயத்தின் வலது பக்கம் ஏன் பெரிதாகியிருக்கிறது?

பெரியவர்களுக்கு எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுக்கையில் வலது வென்ட்ரிக்கிளின் (கீழறையின்) அடிப்பக்க அகலம் 41 மி.மீட்டரைத் தாண்டினால், காரணம் தேடாமல் ரிப்போர்ட்டை முடிக்கக் கூடாது. நுரையீரல் கோளாறாக இருக்கலாம் என்று ஒரு வரி எழுதித் தள்ளுவது சுலபம். மேலறைச் சுவரில் பிறவி ஓட்டையோடு ஐம்பது வயதுவரை அது தெரியாமலே வாழ்கிறவர்கள் அந்த வரியால்தான் கண்ணில் படாமல் போகிறார்கள்.

அந்த ஓட்டையைத் தேட ஏபிகல் வியூவை (இதய நுனியிலிருந்து பார்க்கும் கோணத்தை) மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அங்கே ஒலிக்கற்றை சுவருக்கு இணையாக ஓடுவதால், மெல்லிய நடுப்பகுதி மறைந்து, இல்லாத ஓட்டை இருப்பதுபோல் தெரியும். சப்காஸ்டலில் (விலா எலும்புகளுக்குக் கீழிருந்து பார்க்கும் கோணத்தில்) கற்றை சுவரில் செங்குத்தாக விழும். முழங்காலை மடக்கி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் இதயம் கீழே இறங்கிவரும். கலர் ஸ்கேலை (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வேக அளவை) 30–40 செ.மீ./வினாடிக்குக் குறைத்துவிட வேண்டும்; மேலறைகளுக்கு இடையே ரத்தம் மெதுவாகத்தான் பாயும். உடல் பருத்தவர்களிடம் இந்த வியூவும் சரியாகக் கிடைக்காது, அது வேறு கதை.

அதிகம் தவறிப்போவது சைனஸ் வீனோசஸ் வகை. ஓட்டை மேல் பெருஞ்சிரை வந்து சேரும் வாயில் இருக்கும். செப்டத்தின் (மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரின்) நடுவைப் பார்த்தால் சுவர் முழுதாகவே தெரியும். பெரும்பாலும் வலது மேல் நுரையீரல் சிரையும் இடம் மாறித் திறந்திருக்கும். அந்த மூலை தெரியாவிட்டால் "செப்டம் நார்மல்" என்று எழுதாமல், "மேல் பெருஞ்சிரைப் பகுதி தெரியவில்லை, டிஇஇ அல்லது சிடி தேவை" என்று எழுதுவதே நேர்மை (டிஇஇ என்பது உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ).

பபிள் டெஸ்ட்டுக்கு (நுண்குமிழ் கலந்த சலைனைச் சிரையில் செலுத்தி எக்கோவில் பார்க்கும் சோதனைக்கு) 10 மி.லி. சிரிஞ்சு இரண்டு, ஒரு த்ரீவே (மூன்று வழி இணைப்பான்), 9 மி.லி. சலைன், 1 மி.லி. காற்று. முன்னும் பின்னுமாக வேகமாகத் தள்ளிக் கலக்கி, தனியாக நிற்கும் காற்றை வெளியேற்றிவிட்டு உடனே செலுத்த வேண்டும். இடது கையில் போட்டால் கூடுதல் லாபம்: குமிழ்கள் வலது மேலறைக்கு முன்பே கரோனரி சைனஸில் (இதயத் தசையின் ரத்தம் வந்து வடியும் சிரையில்) தெரிந்தால், பிறக்கும் முன் மறைய வேண்டிய இடது மேல் பெருஞ்சிரை மறையாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஒன்று கவனிக்க வேண்டும். இடமிருந்து வலமாகப் பாயும் ஓட்டையில் குமிழ் இடப்பக்கம் வராமலே போகலாம். அதனால் வால்சால்வா (மூச்சை அடக்கி முக்குவது) செய்யச் சொல்லி, விடும் கணத்தில் பார்க்க வேண்டும்.

நுரையீரல் ஓட்டத்துக்கும் உடல் ஓட்டத்துக்கும் உள்ள விகிதம் 1.5 தொட்டால் ஓட்டை பொருட்படுத்தத் தக்கது. ஆனால் இந்தக் கணக்கில் விட்டத்தை வர்க்கப்படுத்துவதால், வலது வெளிப்பாதை (வலது வென்ட்ரிக்கிளிலிருந்து ரத்தம் வெளியேறும் வழி) 27 மி.மீ. இருக்கையில் 24 என்று அளந்தால் 1.7 விகிதம் 1.34 ஆகச் சுருங்கிவிடும். பெரியவர்களில் அந்த வெளிப்பாதையின் பக்கச்சுவர் பெரும்பாலும் மங்கலாகவே தெரியும். அதனால் விகிதம் குறைவாக வந்து, வலது வென்ட்ரிக்கிள் மட்டும் பெரிதாகவே இருந்தால், விட்டத்தை மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் பொருந்தாவிட்டால் எம்ஆர்ஐக்கு அனுப்ப வேண்டும்.